பேரம் பேசாதவர்களின் வாக்கு



நோன்பு மாதத்தில் அந்தி நெருங்கியதும் நம் வீடுகளில் நன்னாரி சர்பத் கலக்கப்படுகிறது. பெருநாளன்று பிரியாணிச் சட்டியில் கல்பாசி விழுகிறது. இருமலுக்குத் தேன் தேடுகிறோம்; வயிற்று உபாதைக்குக் கடுக்காய் தேடுகிறோம். இவையெல்லாம் மளிகைக் கடையில் கிடைக்கின்றன. ஆனால், மளிகைக் கடைக்கு எங்கிருந்து வருகின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வாழ்பவர்களுக்கு இதற்கான விடை கண்ணெதிரே நிற்கிறது. மேற்கே திரும்பினால் மலை. அந்த மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே செண்பகத்தோப்பிலும், ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் பகுதியிலும், வத்திராயிருப்புக்கு அப்பால் தாணிப்பாறையிலும் பளியர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். தேன், கல்பாசி, நன்னாரி வேர், கடுக்காய், குங்கிலியம் முதலியவற்றை மலையிலிருந்து இறக்கிக் கொண்டு வருவோர் அவர்களே. பழனி மலையிலிருந்து வருசநாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் வரையிலும், கேரளத்தின் இடுக்கிப் பகுதியிலும் பரந்து கிடக்கும் அம்மக்கள் பேசுவது தமிழே. நாம் இவ்வூர்களில் குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் அம்மலையில் இருந்தனர்.

உலகின் பல குடியரசுகளில் இன்று பழங்குடி மக்கள் அரசியல் சக்தியாக எழுந்து நிற்கின்றனர். அவ்வெழுச்சியை நம் ஊர் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு பார்ப்போம் என்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்பாக, என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஐந்து பாட்டில் தேன்

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்கு ஒரு சிறிய பலசரக்குக் கடை இருந்தது. பளியர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தகர டின்னில் தேன் கொண்டுவருவார். விலை கேட்க மாட்டார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அதிலேயே அரிசியும் உப்பும் வெற்றிலை பாக்கும் கேட்டுப் பெற்றுப் போவார்.

ஒருநாள் அத்தா லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்தார். நான் தேனைப் பாட்டில்களில் ஊற்றினேன். ஐந்து பாட்டில்கள் நிறைந்தன. நான் நான்கு என்றேன். அவர் அந்த ஐந்து பாட்டில்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்கு பாட்டிலுக்குரிய காசைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

அத்தா திரும்பியதும் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிப் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அத்தாவின் முகம் மாறியது. அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அன்று அஸருக்குப் பிறகு கடையை அடைத்துவிட்டு, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார். விசாரித்தோம். "அவர் மேலே போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது" என்றார்கள். அந்த ஒரு பாட்டிலின் காசு நெடுநாள் கல்லாப் பெட்டியின் மூலையில் தனியே முடிந்து வைக்கப்பட்டிருந்தது. அவர் எங்கள் கடைக்கு மீண்டும் வரவே இல்லை.

"அவருக்குக் கணக்குத் தெரியவில்லை" என்றுதான் அன்று நினைத்தேன். வளர்ந்த பிறகு பளியரைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது என் நினைப்பு தவறென்று புரிந்தது. பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1960களின் முற்பகுதியில் பளியரிடையே தங்கி ஆராய்ந்தவர். அச்சமுதாயத்தில் அதிகாரம் செலுத்தும் தலைவன் இல்லை, ஒருவரை ஒருவர் ஏவுவதில்லை, போட்டியிடுவதை விரும்புவதில்லை, கணவனும் மனைவியும் சரிநிகராக நடத்தப்படுகின்றனர் என்று அவர் எழுதினார். அவமதிப்போ சச்சரவோ நேர்ந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிப் போய்விடுவதே அவர்களது வழக்கம் என்பதும் அவர் கண்டறிந்த செய்தி. அந்தப் பெரியவருக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் விலகிப் போனதுதான் அவர் எனக்குத் தந்த பதில்.

இப்போது கேள்விக்கு வருவோம். குடியரசு என்பது எண்ணிக்கையின் ஆட்சி. கேட்பவனுக்குக் கொடுக்கும் ஆட்சி. எண்ணிக்கையில் மிகச் சிறியவர்களாகவும், உரக்கக் கேட்கும் பழக்கம் இல்லாதவர்களாகவும் உள்ள மக்களுக்கு அந்த ஆட்சியில் என்ன இடம்?

மலையும் சட்டமும்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் உடைமையாக்கியது. அதுவரை தமக்கென்று வேலியும் பத்திரமும் தேவைப்படாதிருந்த மக்கள், தாம் பிறந்த இடத்திலேயே அனுமதி பெற்று நடமாட வேண்டியவர்களாயினர். காட்டில் விளையும் பொருள்கள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைதாரரிடம் கூலிக்குத் தேன் எடுப்பவர்களாகப் பளியர் மாறினர்.

இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்று சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா அவர்கள். அச்சட்டம் பழங்குடியினருக்கு நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் தனித் தொகுதிகளை வழங்கியது. ஆனால், மக்கட்தொகையின் விகிதப்படி வழங்கப்படும் அந்த ஏற்பாடு, சிதறிக் கிடக்கும் சிறு குடிகளுக்கு எட்டுவதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் பழங்குடியினர் ஏறத்தாழ 1.1 விழுக்காட்டினர், எண்ணிக்கையில் 8 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 234 சட்டமன்றத் தொகுதிகளில் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே அவர்களுக்குரிய தனித் தொகுதிகள். மக்களவைத் தொகுதி ஒன்றுகூடத் தமிழகத்தில் இல்லை. விருதுநகர் மாவட்டத்திலோ பழங்குடியினர் ஒரு விழுக்காட்டினும் மிகக் குறைவு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்தல் முடிவுகளைப் பளியரின் வாக்குகள் புரட்டிப் போட்டுவிடும் என்று எந்த வேட்பாளரும் அஞ்சியதில்லை.

மேலும் ஒன்று. தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குடிகளே மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்னும் தனிப் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். பளியர் அப்பட்டியலில் இல்லை. ஆகவே, அப்பட்டியலைக் கொண்டு 2023இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டு வசதி முதலான சிறப்புத் திட்டம் அவர்களுக்கு உரியதன்று. காட்டில் ஒரே வகை வாழ்வு வாழ்ந்தாலும் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு ஒரு நீதி, இல்லாதவருக்கு வேறொரு நீதி.

இதற்கிடையே மலையின் நிலையும் மாறியது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு இணைக்கப்பட்டு, 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடன் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழகத்தில் அது ஐந்தாவது. வைகை ஆற்றுக்கு நீர் தரும் அக்காட்டைக் காப்பது நன்றே. அணிலுக்கும் புலிக்கும் எல்லைக் கல் நாட்டியபோது, அங்கே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மனிதனுக்குரிய எல்லை எது என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அதற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது. 2006 டிசம்பரில் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், பழங்குடியினருக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிரிட்டு வாழும் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரையில் உரிமை உண்டு. தேன், மூங்கில், மெழுகு முதலிய சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அச்சமுதாயத்துக்கு உடைமையுரிமை உண்டு. சரணாலயங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். வனவிலங்குப் பாதுகாப்புக்காக மக்களை இடம்பெயர்க்க வேண்டுமாயின், அவர்களது கிராம சபையின் ஒப்புதல் வேண்டும்.

ஆனால், 2008இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழகத்தில் உரிமைப் பட்டயம் வழங்குவது ஏறத்தாழ எட்டாண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. கேட்டுப் பழகாத மக்கள் கேட்கத் தொடங்கியபோது கதவு சாத்தியிருந்தது என்பது வேதனைக்குரியது.

ஹாக்கி வீரர் காட்டிய வழி

இந்தியாவில் பழங்குடி மக்களின் அரசியலுக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஜெய்பால் சிங் முண்டா. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர், 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். பின்னர் ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை ஏற்றார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தம்மைக் காட்டுவாசி என்றே பெருமையுடன் அறிமுகப்படுத்திக்கொண்டு, குடியாட்சியைப் பழங்குடிகளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து மற்றவர்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை அஞ்சாமல் முன்வைத்தார். தலைவனும் ஏவலும் இல்லாத பளியர் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். அவர் கூறியதன் உண்மை விளங்கும்.

அவர் தோற்றுவித்த ஜார்க்கண்ட் கட்சி 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. 1963இல் அக்கட்சி காங்கிரசுடன் இணைந்து கரைந்தது. ஆனால் கோரிக்கை கரையவில்லை. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா அதனை ஏந்தியது. 2000 நவம்பர் 15 அன்று, பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. 2023இல் ராஜஸ்தானில் தொடங்கப்பட்ட பாரத் ஆதிவாசி கட்சி அவ்வாண்டே சட்டமன்றத்துக்குள் நுழைந்து, 2024இல் பான்ஸ்வாடா மக்களவைத் தொகுதியையும் வென்றது. சந்தால் பழங்குடியைச் சேர்ந்த திரௌபதி முர்மு 2022இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

எண்ணிக்கை இருந்த இடங்களில் நடந்தவை இவை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வாழும் டோங்ரியா கோந்துகள் சில ஆயிரம் பேரே. அவர்களது மலையில் பாக்சைட் தோண்டுவதற்குப் பெரும் நிறுவனம் ஒன்று முயன்றது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அம்மக்களின் கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின; பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கம் வரவில்லை. எண்ணிக்கை போதாத இடத்தில் சட்டமும் ஒற்றுமையும் கைகொடுத்தன.

தமிழகத்திலும் சான்று உண்டு. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த அரசு ஊழியர்கள் மலைவாழ் மக்களுக்கு இழைத்த கொடுமை நாடறிந்தது. அப்பெண்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. 19 ஆண்டுகள் கழித்து, 2011இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. 2023இல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அம்மக்கள் விலகாமல் நின்றதன் பயன் அது.

கடல் கடந்த காட்சிகள்

மற்ற நாடுகளையும் விரைவாகப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் பொலிவியாவில் பழங்குடியினரே பெரும்பான்மையினராகக் கருதப்பட்டனர். ஆனால் ஆட்சி அவர்கள் கையில் இருந்ததில்லை. 2005 டிசம்பரில் அய்மாரா குலத்தவரான ஏவோ மொராலெஸ் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2009இல் இயற்றப்பட்ட புதிய அரசியல் சட்டம், ஸ்பானிய மொழியுடன் 36 பழங்குடி மொழிகளுக்கும் ஆட்சி மொழித் தகுதி வழங்கியது. ஆயினும் 2011இல் அவருடைய அரசே ஒரு பழங்குடிக் காட்டின் ஊடே நெடுஞ்சாலை போட முற்பட்டது. எதிர்த்து நடைப்பயணம் வந்த மக்கள் மீது காவல்துறை பாய்ந்தது. 2019இல் தேர்தல் சர்ச்சையில் அவர் பதவி விலகினார். அவர் வளர்த்த கட்சி 2025 தேர்தலில் ஆட்சியை இழந்தது. நம்மவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோருக்கு இதில் பாடம் இருக்கிறது.

நியூசிலாந்தில் மவோரி மக்களுக்கு 1867 முதலே நாடாளுமன்றத்தில் தனி இடங்கள் உண்டு. இன்று அவை ஏழு. 1840ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பொருளை மாற்றியமைக்க ஒரு மசோதா வந்தபோது, 2024 நவம்பரில் பல்லாயிரவர் நாடாளுமன்றம் நோக்கி நடந்தனர். அவர்களில் மவோரி அல்லாதவர்களும் இருந்தனர். 2025 ஏப்ரலில் மசோதா தோற்றது. நார்வேயில் சாமி மக்கள், தம் நிலத்தின் ஆற்றில் அணை கட்டப்படுவதை எதிர்த்து 1979இல் நாடாளுமன்ற வாயிலில் உண்ணாவிரதம் இருந்தனர். அணையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் பத்தாண்டுகளில், 1989இல், சாமிகளுக்கென்று ஒரு தனி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலோ, பழங்குடியினரின் கருத்தைக் கேட்க ஓர் ஆலோசனை அவை அமைக்கலாமா என்று 2023 அக்டோபரில் மக்களிடமே கேட்டபோது, ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றனர். சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நமக்கும் அவர்களுக்கும்

"இதெல்லாம் நமக்கு எதற்கு? பழங்குடியினர் வேறு, நாம் வேறு" என்று சிலர் எண்ணக்கூடும். அது அறியாமை. லட்சத்தீவைப் பாருங்கள். 2011 கணக்குப்படி அங்குள்ள 64,000 பேரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களே சட்டப்படி பழங்குடியினரும் ஆவர். அத்தீவின் ஒரே மக்களவைத் தொகுதி பழங்குடியினருக்குரிய தனித் தொகுதி. பி.எம். சயீது அவர்கள் 1967 முதல் தொடர்ந்து பத்து முறை அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். காஷ்மீரின் குஜ்ஜர், பக்கர்வால் மேய்ச்சல் மக்களும் முஸ்லிம்களே. 1991இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அவர்களுக்கு, 2024 தேர்தலில் முதன்முறையாகச் சட்டமன்றத்தில் தனித் தொகுதிகள் கிடைத்தன. ஜம்மு காஷ்மீரின் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை 9. பட்டியல் சாதித் தகுதிக்கு மதம் நிபந்தனையாக இருப்பதுபோல், பட்டியல் பழங்குடித் தகுதிக்கு மதம் நிபந்தனையன்று என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால், வாசகர்களே, இப்பொருளில் நாம் எச்சரிக்கையுடன் அணுகவேண்டிய ஒரு பக்கமும் உண்டு. 'இம்மண் எங்களுடையது' என்னும் சொல் எல்லார் வாயிலும் ஒரே பொருள் தருவதில்லை.

மியன்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அந்நாட்டின் பூர்வ குடிகள் இன்னின்னார் என்று வரையறுப்பதைக் குடியுரிமையின் அடிப்படையாக்கியது. அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்யா மக்களின் பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாடற்றவர்களாயினர். 2017இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓட நேர்ந்தது. பிஜித் தீவில் 1987இல் பூர்வ குடிகளின் பெயரால் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் சந்ததியினர் ஆயிரக்கணக்கில் அத்தீவை விட்டு வெளியேறினர். அவர்களில் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. 1960களில் பம்பாயில் 'மண்ணின் மைந்தர்' முழக்கம் எழுந்தபோது தென்னிந்தியர்களின் உணவுக் கடைகள் தாக்கப்பட்டதை மறந்துவிட இயலுமா?

அப்படியானால் நியாயமான எழுச்சியையும் வெறுப்பு எழுச்சியையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தோன்றும் அளவுகோல் எளியது. நியம்கிரி மக்கள் தங்கள் மலையைத் தோண்டாதே என்றனர். எவரையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. பிஜியில் துப்பாக்கி ஏந்தியவர்கள் அண்டை வீட்டாரின் வாக்குச்சீட்டைப் பறித்தனர். தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதைத் திருப்பிக் கேட்பது உரிமைப் போராட்டம். அடுத்தவனிடம் இருப்பதைப் பறிப்பதற்குப் பூர்வீகம் பேசுவது ஆதிக்கம். அதிலும், அதிகாரம் முழுவதும் கையிலிருக்கும் பெரும்பான்மை பூர்வீகம் பேசத் தொடங்கினால் சிறுபான்மையினர் விழித்துக்கொள்ள வேண்டும்.

ராஜபாளையத்தின் கதையே இதற்கு நல்ல உரை. விஜயநகரக் காலத்தை ஒட்டி ஆந்திரத்திலிருந்து வந்த ராஜுக்கள் இவ்வூரில் வேரூன்றினர். நம் முன்னோரும் வணிகத்தின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தனர். வந்தவர்களால் பஞ்சாலைகளும் கடைத்தெருவும் வளர்ந்தன. எல்லாரும் இவ்வூர்க்காரர்களே. மலையில் முன்பே இருந்த பளியர் எவரையும் 'நீ எப்போது வந்தாய்?' என்று கேட்டதில்லை. அவ்வாறு கேட்காத மக்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? பெரிய திட்டங்கள் தேவையில்லை.

முதலாவது, வாங்கும்போது நேர்மை. மலைப் பொருள் வாணிபத்தில் நம்மவர் பலர் ஈடுபட்டுள்ளனர். கேட்காதவனுக்கும் முழு விலை கொடுங்கள். பழங்குடிப் பெண்களின் குழுக்களோ கூட்டுறவுச் சங்கங்களோ நேரில் விற்கும் இடங்களில், பேரம் பேசாமல் அவர்களிடமே தேன் வாங்குங்கள். ஒரு பாட்டிலுக்குக் கூடுதலாகச் செலவாகும் சில ரூபாய்கள் நம் குடும்பத்தை ஏழையாக்கிவிடா.

இரண்டாவது, படித்த இளைஞர்களின் உதவி. சாதிச் சான்றிதழ் இல்லாத பழங்குடிப் பிள்ளைக்குக் கல்வி உதவியும் இட ஒதுக்கீடும் எட்டாக் கனி. வன உரிமைக் கோரிக்கை முதலில் கிராம சபையில் தொடங்கி, கோட்ட அளவிலும், பின்பு ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலும் பரிசீலிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு படியிலும் படிவமும் சாட்சியமும் தேவை. நிராகரித்தால் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 2019 பிப்ரவரியில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையும், இரு வாரங்களில் அவ்வாணையைத் தானே நிறுத்தி வைத்ததையும் நினைவிற்கொள்ளுங்கள். ஒரு படிவம் சரியாக நிரப்பப்படாவிட்டால் ஒரு குடும்பம் வீடிழக்கும் அபாயம் இருக்கிறது. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்கலாம். பேசுவதை அவர்களே பேசட்டும். எழுதிக் கொடுப்பது மட்டும் நம் வேலையாக இருக்கட்டும்.

மூன்றாவது, வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒரு கேள்வி. நம் தெருவுக்குச் சாலையும் அடக்கத்தலத்துக்குச் சுற்றுச்சுவரும் கேட்கிறோம்; கேட்க வேண்டியதே. அத்தோடு, "மலையடிவாரத்து மக்களின் பட்டயம் என்னவாயிற்று?" என்றும் கேட்போம். நியூசிலாந்தில் மவோரி அல்லாதவர்களும் உடன் நடந்தார்கள் என்று மேலே குறிப்பிட்டேன். நமக்கொரு இடர் வரும்போது நம்மைச் சாராத ஒருவர் எழுந்து பேசினால் நம் மனம் எவ்வளவு ஆறுதல் அடைகிறது! அந்த ஆறுதலைப் பிறருக்கு நாம் எத்தனை முறை தந்திருக்கிறோம்?

நான்காவது, வீட்டுக்குள். பிள்ளைகள் பேச்சுவாக்கில் 'காட்டான்' என்று ஒருவரை ஏசும்போது தடுத்து நிறுத்துங்கள். நிர்ணய சபையில் தம்மைக் காட்டுவாசி என்று தலைநிமிர்ந்து சொன்ன அந்த ஹாக்கித் தலைவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அத்தா மறைந்து ஆண்டுகள் பலவாயின. கடையும் இப்போது இல்லை. கடையைக் காலி செய்த நாளில், கல்லாப் பெட்டியின் மூலையில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது. செல்லாத பழைய நாணயங்கள். அதற்கு ஈடான தொகையைப் பன்மடங்காக்கி, மலையடிவாரத்துப் பிள்ளைகள் சிலருக்கு நோட்டுப் புத்தகங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயினும் கடன் அந்தப் பெரியவருக்கு உரியது. அவரிடம் அதைச் சேர்ப்பிக்க இனி வழியில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடும். கிராம சபையில் அவர்கள் எழுந்து நின்று, "ஐந்து பாட்டில்" என்று சொல்லும் நாள் வரவேண்டும். அன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நான்கு என்று சொல்லாதிருக்க, இன்றே அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக!